ஆவடிக்குக் கடல்காற்று எத்தனை மணிக்கு வரும்?

பூந்தமல்லியில் இருக்கும் என் மனைவியின் தம்பி ஏப்ரல் கடைசியில் ஒரு வாட்ஸ்அப் அனுப்பினான். "மாமா, சனிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு டெல்லி ஃபிளைட், அடுத்த ஞாயிறு புள்ளைங்கள கூட்டிட்டு முட்டுக்காடு போட்டிங், அப்படியே கோவளம் பீச்சுல ஒரு குளியல். ரெண்டு நாளும் ஆப்-ல சூரியன் படம்தான் இருக்கு. பிரச்சினை இல்லையே?"

உடனே "இல்லைடா, போயிட்டு வா" என்று எழுதிவிடத்தான் கை போனது. ஆனால் அந்தச் சூரியன் படம் என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று யோசிக்க ஆரம்பித்ததில் இந்தக் கட்டுரை வந்துவிட்டது. நான் வானிலை ஆய்வாளன் இல்லை. மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். அம்பத்தூரில் மொட்டை மாடியில் நின்று மேகம் பார்ப்பதும், விமான நிலையத்தின் வானிலைக் குறிப்பைப் படிப்பதும் பழக்கமாகிப்போன ஒரு ஆள், அவ்வளவுதான்.

நம்மூரில் மார்ச் முதல் மே வரை மழை மிகக் குறைவு. ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை பெறும் சென்னைக்கு இந்த மூன்று மாதங்களில் கிடைப்பது அதில் மிகச் சிறிய பங்கு. அதனால் ஆப் சூரியன் படம் போடுவதில் தப்பில்லை. ஆனால் விமானத்துக்கும் படகுக்கும் முக்கியமான மூன்று கேள்விகளுக்கு அந்தப் படத்தில் பதில் கிடையாது. கடல்காற்று எப்போது வரும்? மேற்கே இடி மேகம் கிளம்புமா? எங்கோ தொலைவில் பிறந்த அலை நம் கரைக்கு வந்துகொண்டிருக்கிறதா?

கோடைக்கும் கொண்டலுக்கும் நடக்கும் மல்லுக்கட்டு

தமிழில் காற்றுக்கு அது எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அதை வைத்துத்தான் பெயர். வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து வந்தால் கோடை. கவனிச்சீங்களா? வெயில் பருவத்துக்கும் கோடை என்று பெயர், மேற்குக் காற்றுக்கும் கோடை என்றே பெயர். சென்னைவாசிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேண்டாம். இங்கே வெயில் எவ்வளவு ஏறும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது, அந்த மேற்குக் காற்று எத்தனை மணிவரை கிழக்குக் காற்றை உள்ளே விடாமல் தடுத்து வைக்கிறது என்பதுதான்.

கடல்காற்று எப்படி உருவாகிறது என்று பள்ளியிலேயே படித்திருப்போம். வெயில் ஏற ஏற நிலம் சீக்கிரம் சூடாகிறது. கடல் மெதுவாகத்தான் சூடாகும். ஏப்ரல், மே மாதங்களில் கடலின் மேற்பரப்பு 29, 30 டிகிரியில் நிற்கும்போது நிலத்தின் மேல் காற்று 38, 40 என்று போய்விடும். சூடான காற்று விரிந்து மேலே எழும்ப, நிலத்தில் அழுத்தம் கொஞ்சம் குறைகிறது. அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது.

பள்ளியில் சொல்லித் தராதது, இந்தக் காற்றுக்கு ஒரு முன்விளிம்பு உண்டு என்பது. குளிர்ந்த கனமான காற்று ஒரு நாக்கைப் போல, தரையை ஒட்டி, சில நூறு மீட்டரிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை உயரத்தில் உள்ளே நகர்கிறது. எதிர்ப்பு இல்லாத நாளில் மணிக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் முன்னேறும் என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது தூரத்தைப் பாருங்கள். நுங்கம்பாக்கம் வானிலை மையம் கடலிலிருந்து 5 கி.மீ.க்குள் இருக்கிறது. மீனம்பாக்கம் சுமார் 10 கி.மீ. அம்பத்தூர் சுமார் 15 கி.மீ. ஆவடியும் பூந்தமல்லியும் 20 கி.மீ. அளவில். ஆக, மெரினாவில் பதினோரு மணிக்குச் சட்டை படபடக்கும்போது ஆவடி பேருந்து நிலையத்தில் நிற்பவருக்கு இன்னும் ஒன்றரை மணி நேர வேர்வை பாக்கி இருக்கிறது.

மார்ச்சில் எதிர்க்காற்று வலுவில்லை, கடல்காற்று காலையிலேயே வந்துவிடும். மே மாதம் கத்திரி சமயத்தில் மேற்குக் காற்று வலுக்கிறது. அப்போது கடல்காற்று கரையிலேயே மாட்டிக்கொண்டு ஒரு மணி, இரண்டு மணி, சில நாள் மூன்று மணி வரைகூட நுழைய முடியாமல் நிற்கும். சில நாள் மீனம்பாக்கம் வரை வந்து நின்றுவிடும், ஆவடிப் பக்கம் எட்டியே பார்க்காது. மே மாதத்தில் சென்னையின் சராசரி உச்ச வெப்பநிலை 37 டிகிரி அளவில்தான். அது 42ஐத் தாண்டும் நாட்கள் பெரும்பாலும் கடல்காற்று தாமதமான நாட்கள். 2003 மே மாதக் கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானதை நடுவயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

வங்கக்கடல் புயலுக்கும் இதில் பங்கு உண்டு. 2019 ஏப்ரல் கடைசியில் உருவான ஃபனி புயல் முதலில் நம் பக்கம் வரும்போலத் தெரிந்தது. பிறகு வடக்கே திரும்பி மே 3ஆம் தேதி ஒடிசாவின் பூரி அருகே கரையைக் கடந்தது. இப்படிப் புயல் வடக்கே விலகிப் போனால், அதன் இடப்பக்கத்தில் நாம் மாட்டிக்கொள்கிறோம். நிலத்திலிருந்து வறண்ட காற்று புயலை நோக்கி இழுக்கப்பட, கடல்காற்று அடைபடுகிறது. மழை வரும் என்று காத்திருந்தவனுக்கு அனல்தான் மிச்சம்.

மாடியிலிருந்து ஓடுபாதையைப் படிப்பது

விமானம் ஏறுவதும் இறங்குவதும் காற்றை எதிர்த்துத்தான். சென்னை விமான நிலையத்தின் முதன்மை ஓடுபாதைக்கு 07/25 என்று பெயர். 3,658 மீட்டர் நீளம். இந்த எண்களுடன் ஒரு பூஜ்யம் சேர்த்துக்கொண்டால் திசைகாட்டி டிகிரி வந்துவிடும். 07 என்றால் 70 டிகிரி, அதாவது ஏறத்தாழ கிழக்கு நோக்கி. 25 என்றால் 250 டிகிரி, மேற்கு நோக்கி.

கத்திரி நாட்களில் காலையில் மேற்குக் காற்று. விமானங்கள் கிண்டி, பரங்கிமலைப் பக்கமிருந்து வந்து இறங்கும், மேற்கு நோக்கி ஏறிப்போகும். கடல்காற்று உள்ளே வந்து நிலைத்ததும் ஆட்டம் தலைகீழ். மேற்கிலிருந்து வந்து இறங்கும், கடலை நோக்கி ஏறும். மாங்காடு, பூந்தமல்லி மாடியில் நிற்பவருக்கு இது இலவசமாகக் கிடைக்கும் காற்றுமானி. ஆனால் இதைக் கடிகாரம் மாதிரி நம்பிவிடக்கூடாது. பின்காற்று லேசாக இருந்தால் ஓடுபாதையை உடனே மாற்ற மாட்டார்கள். போக்குவரத்து நெரிசலையும் பார்ப்பார்கள்.

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் மெட்டார் இருக்கிறது. விமான நிலையத்தில் அரை மணிக்கு ஒருமுறை வெளியிடும் வானிலைக் குறிப்பு அது, யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். சென்னையின் குறியீடு வி.ஓ.எம்.எம். உதாரணத்துக்கு நானே எழுதிய ஒரு வரி, ஆங்கில எழுத்துகளைத் தமிழில் மாற்றியிருக்கிறேன்:

வி.ஓ.எம்.எம். 130830 இசட் 13012 கே.டி. 6000 36/26 கியூ 1004

பார்த்தால் நம்ம லாக் ஃபைல் மாதிரியே இருக்கும், பயப்பட வேண்டாம். 13 என்பது தேதி. 0830 என்பது கிரீன்விச் நேரம், ஐந்தரை மணி கூட்டினால் நம் மதியம் 2 மணி. 13012 என்றால் 130 டிகிரியிலிருந்து, அதாவது தென்கிழக்கிலிருந்து, 12 நாட் வேகத்தில் காற்று. ஒரு நாட் 1.85 கி.மீ., ஆக மணிக்கு 22 கி.மீ. 6000 என்பது மீட்டரில் பார்வைத் தூரம். 36 வெப்பநிலை, 26 பனிநிலை. கடைசியில் காற்றழுத்தம்.

இதில் நான் முதலில் பார்ப்பது காற்றின் திசை, அடுத்தது பனிநிலை. திசை 250, 270 என்று இருந்து சட்டென்று 100, 130க்குத் தாவி, வெப்பநிலை இரண்டு மூன்று டிகிரி இறங்கி, பனிநிலை ஏறினால் கடல்காற்று மீனம்பாக்கம் வந்துவிட்டது. எதிர்க்காற்று வலுவாக இல்லையென்றால் நம்ம பக்கம் வர இன்னும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். புழுக்கம் கூடும், வெயில் கொஞ்சம் தணியும்.

மேலே சொன்ன 130 டிகிரிக் காற்றைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். ஓடுபாதை 70 டிகிரி. வித்தியாசம் 60. கோசைன் 60 என்பது பாதி. ஆக 12 நாட்டில் எதிர்க்காற்றாகக் கிடைப்பது 6 நாட்தான். பக்கவாட்டுக் காற்றோ 10 நாட்டுக்கு மேல். பெரிய விமானத்துக்கு இது சாதாரணம். ஆனால் இறங்கும்போது மூக்கு ஒரு பக்கம் திரும்பியபடி நண்டு மாதிரி வருவது இதனால்தான். கடல்காற்றுக்கு ஏறத்தாழ நேராக அமைந்தது 12/30 என்ற இரண்டாவது ஓடுபாதை. ஆனால் அது நீளம் குறைவு, முதன்மை ஓடுபாதையைக் குறுக்கே வெட்டிச் செல்வதும் கூட.

இன்னொன்று. கடல்காற்று ஒரு கிலோமீட்டருக்குக் கீழேதான் என்று சொன்னேன் அல்லவா? அதற்கு மேலே மேற்குக் காற்று அப்படியே இருக்கும். மேற்கிலிருந்து இறங்கும் விமானம் மேலே பின்காற்றில் வந்து, கீழே திடீரென எதிர்க்காற்றில் நுழைகிறது. மே மாத மதியத்தில் தரையிறங்குவதற்குச் சற்று முன் ஒரு குலுக்கல் வந்தால், பெரும்பாலும் இந்த எல்லையையும் சூடான நிலத்திலிருந்து கிளம்பும் காற்றுக் குமிழ்களையும் கடந்துகொண்டிருக்கிறீர்கள். பெல்ட் போட்டிருந்தால் போதும்.

வெப்பமும் விமானத்தைப் பாதிக்கும். சூடான காற்றுக்கு அடர்த்தி குறைவு, இறக்கைக்குத் தூக்குவிசை குறையும், எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும். விமானிகள் இதை "அடர்த்தி உயரம்" என்று கணக்கிடுவார்கள். மீனம்பாக்கம் ஓடுபாதை கடல் மட்டத்திலிருந்து சுமார் 50 அடி உயரத்தில்தான் இருக்கிறது. ஆனால் 40 டிகிரி வெயிலும் 1004 அழுத்தமும் இருக்கும் மதியத்தில் கணக்குப் போட்டால் அடர்த்தி உயரம் சுமார் 3,300 அடி வருகிறது. பெங்களூரு இருக்கும் உயரமே ஏறத்தாழ 3,000 அடிதான். அதாவது மே மாத மதியத்தில் விமானத்தைப் பொறுத்தவரை மீனம்பாக்கம் மலையேறிவிடுகிறது! நீளமான ஓடுபாதை இருப்பதால் நமக்குச் சிக்கல் இல்லை.

மேற்கே கறுத்தால்

கோடை இடிமழையில் மேற்குப் புறநகர்தான் முன்வரிசை. மதியம் ஆந்திர எல்லை, திருத்தணி, ராணிப்பேட்டை, காஞ்சிபுரம் பக்கம் எழும்பும் மேகங்களை மேல்மட்ட மேற்குக் காற்று நம் பக்கம் தள்ளிவருகிறது. கடல்காற்றின் முன்விளிம்பும் அதே நேரம் உள்ளே வந்து நிற்கும். இரண்டு காற்றும் முட்டும் இடத்தில் காற்று மேலே போவதைத் தவிர வேறு வழியில்லை. அதனால்தான் திருவள்ளூரிலும் ஆவடியிலும் கொட்டித் தீர்த்த மாலையில் மெரினாவில் மணல்கூட நனையாமல் இருக்கும். கரையோரத்தில் தரையை ஒட்டிக் குளிர்ந்த கடல்காற்று பரவிக் கிடப்பதால் பல மேகங்கள் அங்கே போய்ச் சேர்வதற்குள் வலுவிழந்துவிடுகின்றன.

இதில் மழையைவிட ஆபத்தானது மழைக்கு முன் வரும் காற்று. மேகத்திலிருந்து விழும் துளிகள் கீழே உள்ள வறண்ட காற்றில் ஆவியாகும்போது அந்தக் காற்று குளிர்ந்து கனத்து, கல் போலக் கீழே விழுந்து நாலாபுறமும் பரவுகிறது. விமானம் இதற்குள் நுழைந்தால் முதலில் எதிர்க்காற்று, அடுத்த சில நொடிகளில் பின்காற்று. 1985 ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்காவின் டல்லஸில் இறங்கிக்கொண்டிருந்த டெல்டா 191 விமானம் இப்படித்தான் விழுந்தது, 137 பேர் இறந்தார்கள். விமானத்திலேயே காற்று மாற்றத்தைக் கண்டு எச்சரிக்கும் கருவிகள் பரவலாக வந்தது அதற்குப் பிறகுதான். நம் நாட்டில் 2022 மே 1 அன்று மும்பையிலிருந்து துர்காபூர் போன ஒரு போயிங் 737, இறங்கும் வழியில் வங்காளத்தின் கோடை இடிமேகத்தில் சிக்கிக் குலுங்கியதில் பலர் காயமடைந்தார்கள்.

சென்னையில் 2002 முதல் துறைமுகப் பகுதியில் டாப்ளர் ராடார் இயங்குகிறது. இடி மேகம் நெருங்கினால் விமானங்களை வானத்திலேயே வட்டமடிக்கச் சொல்வார்கள், அல்லது பெங்களூருக்குத் திருப்பிவிடுவார்கள். அந்த ஒரு மணி நேரத் தாமதத்துக்குக் கவுன்டரில் சண்டை போடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு டல்லஸ்தான் ஞாபகம் வரும்.

படகுக்கும் இதே காற்றுதான் எதிரி. ஆவடி பருத்திப்பட்டு ஏரியிலோ முட்டுக்காட்டிலோ படகில் இருக்கும்போது 15 கி.மீ. வேகக் காற்று சில நிமிடங்களில் 45 ஆகலாம். வேகம் மூன்று மடங்கு என்றால் காற்று தள்ளும் விசை ஒன்பது மடங்கு. மழை மேகம் இன்னும் இருபது கி.மீ. தள்ளி இருக்கும்போதே இந்தக் காற்று வந்துவிட முடியும். தலைக்கு மேலே வெயில் அடிக்கும், ஆப்-ல சூரியன் படம் இருக்கும். மேற்கே கறுத்து, மண் வாசனையோடு குளிர்ந்த காற்று முகத்தில் பட்டால் விவாதமே வேண்டாம், கரைக்கு வந்துவிட வேண்டும்.

காற்றே இல்லாமல் வரும் அலை

மூன்றாவது விஷயம்தான் என்னை அவனுக்கு உடனே பதில் போடவிடாமல் தடுத்தது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகளுக்குத் தடை. நாட்டுப் படகுகளும் ஃபைபர் படகுகளும் போகலாம். ஆக, சூறைக்காற்றும் பேரலையும் வரக்கூடிய இந்தப் பருவத்தில் கடலில் இருப்பது பெரும்பாலும் சின்னப் படகுகள்தான். எஞ்சின் வராத காலத்தில் கட்டுமரக்காரர்கள் விடியலுக்கு முன் நிலக்காற்றில் பாய் விரித்துப் போய், மதியக் கடல்காற்றில் திரும்புவார்கள். காற்று மாறும் நேரம்தான் அவர்களுடைய டைம்டேபிள்.

ஆனால் இந்தக் காற்றோடு சம்பந்தமே இல்லாத அலை ஒன்று உண்டு. கேரளத்திலும் குமரியிலும் கள்ளக்கடல் என்பார்கள். திருடன் மாதிரி சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் பெரும்புயல் காற்று எழுப்பும் நீண்ட அலைகள் இவை. ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 15 முதல் 20 நொடி. 18 நொடி அலை என்று வைத்துக் கணக்குப் போட்டால், அதன் ஆற்றல் ஆழ்கடலில் மணிக்குச் சுமார் 50 கி.மீ. வேகத்தில் நகர்கிறது. ஒரு நாளைக்கு 1,200 கி.மீ. ஆறாயிரம் கி.மீ. தள்ளிப் பிறந்த அலை ஐந்தாம் நாள் நம் கரையில். அன்றைக்கு இங்கே மேகம் இருக்காது, காற்று இருக்காது, கடல் தூரத்தில் கண்ணாடி மாதிரி தெரியும். கரைக்கு வந்து ஆழம் குறையும்போதுதான் அலை திடீரென எழும்பும்.

2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்களை அலை இழுத்துச் சென்றது. ஐந்து பேரும் இறந்துபோனார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அப்போது நடைமுறையில் இருந்தது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இந்த எச்சரிக்கைகளைத் தருகிறது. அலை வர ஐந்து நாள் ஆகிறது என்பதால் முன்கூட்டியே சொல்லவும் முடிகிறது. சென்னைக் கரைக்கு இலங்கை ஓரளவு மறைப்பாக நிற்கிறது, ஆனால் அது முழு மறைப்பு இல்லை. எச்சரிக்கை உள்ள நாளில் கோவளத்தில் முழங்கால் அளவு தண்ணீரில்கூடக் குழந்தைகளை இறக்கக் கூடாது.

பருவ முன்னறிவிப்பு எதற்கு?

இந்திய வானிலைத் துறை பிப்ரவரி கடைசியில் மார்ச்–மே பருவத்துக்கான கணிப்பை வெளியிடும். இயல்பைவிட அதிகம், இயல்பு, குறைவு என்று மூன்று பிரிவு. எதுவுமே தெரியாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் 33 சதவீதம். "அதிக வெப்பத்துக்கு வாய்ப்பு 50 சதவீதம்" என்றால் பகடை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். மின்சாரத் தேவை, ஏரி நீர் இருப்பு இதையெல்லாம் திட்டமிட அது உதவும். சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் கடல்காற்று மீனம்பாக்கம் வந்திருக்குமா என்று அது சொல்லாது. அதற்கு அன்றன்றைய தகவல்தான்.

மச்சானுக்கு நான் கடைசியில் எழுதியது இதுதான்:

ஃபிளைட்டுக்குப் போ, பயமில்லை. இறங்கும்போதும் ஏறும்போதும் மட்டுமில்லாமல் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் பெல்ட் போட்டுக்கோ. மத்தியான ஃபிளைட் குலுங்கும், அக்கா மாதிரி உனக்கும் வாந்தி வரும்னா அடுத்த தடவை காலை ஆறு மணி ஃபிளைட்டா போடு.

முட்டுக்காட்டுக்குச் சாயங்காலம் போகாதே, காலையிலேயே போயிடு. லைஃப் ஜாக்கெட்டைப் பிள்ளைகளுக்கு மட்டும் போட்டுட்டு நீ கையில் வச்சிருக்காதே. கிளம்பும் முன் வானிலை மையத்தின் மூன்று மணி நேர இடிமழை எச்சரிக்கையையும் தாமினி மின்னல் செயலியையும் பார். கோவளம் போறதுக்கு முந்தின நாள் ராத்திரி இன்காய்ஸ் பேரலை எச்சரிக்கை இருக்கான்னு பாரு. இருந்தால் பீச்சுல நின்னு சுண்டல் சாப்பிட்டுத் திரும்பிடு.

"இவ்வளவா மாமா? நான் ஒரு தம்ப்ஸ்-அப் எதிர்பார்த்தேன்" என்று பதில் வந்தது. ஆனால் சனிக்கிழமை இரவே இன்காய்ஸ் பக்கத்தின் படத்தை எடுத்து அனுப்பி, "நம்ம பக்கம் ஒண்ணும் இல்ல, கரெக்டா பாத்திருக்கேனா?" என்று கேட்டிருந்தான். நானும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு, அதற்குத்தான் தம்ப்ஸ்-அப் போட்டேன்.